கட்டைவிரல் மேடு வற்றுவதற்கு முன்

உள்ளங்கையை விரித்துப் பாருங்கள். கட்டைவிரலுக்குக் கீழே, மணிக்கட்டை ஒட்டிச் சதைப்பிடிப்பாக ஒரு மேடு இருக்கும். கட்டைவிரலைக் கொண்டுபோய்ச் சுண்டுவிரல் நுனியைத் தொடுங்கள். அந்த மேடு இறுகும். கத்தரி பிடிக்கவும் சட்டைப் பொத்தான் போடவும் சாவி திருகவும் பேனா பிடிக்கவும் இந்தச் சதைதான் வேண்டும். அது வற்றித் தட்டையாகிவிட்ட கையோடு ஒரு தையல்காரர் நரம்பியல் ஓ.பி.க்கு வந்தால், மருத்துவர் முதலில் கேட்பது, “எத்தனை நாளா இப்படி இருக்கு?” என்றுதான். “மூணு வருஷமா மரத்துப் போகுது சார், சதை குறைஞ்சது இப்பத்தான் தெரிஞ்சுது” என்று பதில் வந்தால், அந்த மூன்று வருடமும் எங்கே போனது என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

மும்பைத் தமிழர்கள் கையை நம்பி வந்தவர்கள். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்த குடும்பங்கள் தாராவியில் காலூன்றின. டைப்பிங், ஷார்ட்ஹேண்ட் இரண்டிலும் ஹையர் முடித்துவிட்டு ரயிலேறிய இளைஞர்கள் மாட்டுங்காவில் அறை எடுத்துத் தங்கினார்கள். பின்னாளில் குடும்பமானதும் செம்பூருக்குக் குடிபோனார்கள். இன்றும் தாராவிச் சந்துகளில் விடியும் முன்பே இட்லி வெந்து, அலுமினியப் பாத்திரத்தில் நகரம் முழுக்கக் கிளம்புகிறது. தோல் பை, ஜரிகை வேலை, தையல், மாவு அரைப்பது, கம்ப்யூட்டர் என்று வேலை எதுவானாலும் சம்பாதிப்பது கைதான். அந்தக் கை மரத்துப்போனால் முதலில் தைலம். அடுத்து எண்ணெய் தேய்த்து உருவிவிடுவது. அதற்கும் அடங்காவிட்டால் மெடிக்கல் கடையில் “நரம்பு வீக்குக்கு” ஒரு சிவப்பு ஊசி. அப்புறம் கழுத்துக்கு எக்ஸ்ரே, கழுத்துப் பட்டை. நரம்பை நேராகக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் சோதனை ஒன்று இருப்பதே பலருக்குக் கடைசியில்தான் தெரிகிறது.

அதற்குப் பெயர் இ.எம்.ஜி. ‘எலெக்ட்ரோமயோகிராபி’ என்பதன் சுருக்கம். அதோடு சேர்ந்து வருவது என்.சி.வி., நரம்பில் செய்தி ஓடும் வேகத்தை அளப்பது. நோயாளிகள் பேச்சில் இது ‘கரண்ட் டெஸ்ட்’, ‘ஊசி குத்துற டெஸ்ட்’. இரண்டு பெயரும் சரிதான், ஏனென்றால் சோதனைக்கு இரண்டு பாதிகள் உண்டு.

முதல் பாதி கரண்ட். கட்டைவிரல் மேட்டின் மேல் சிறு வில்லை ஒன்றை ஒட்டுவார்கள். மணிக்கட்டில் நரம்பு ஓடும் இடத்தில் ஒரு கருவியை வைத்துச் சொடுக்கென்று சின்ன மின்தூண்டல் கொடுப்பார்கள். கட்டைவிரல் தானாகத் துள்ளும். தூண்டிய நொடிக்கும் தசை துள்ளிய நொடிக்கும் இடையில் எத்தனை மில்லிசெகண்ட் என்று திரை சொல்லும். அடுத்து முழங்கை மடிப்பில் தூண்டுவார்கள். இரண்டு இடத்துக்கும் நடுவிலுள்ள தூரத்தை டேப் வைத்து அளந்து, கூடுதலாக ஆன நேரத்தால் வகுத்தால், அந்த நரம்பில் செய்தி ஓடும் வேகம் கிடைத்துவிடும். நல்ல நிலையில் இருக்கும் முன்கை நரம்பில் அது நொடிக்கு 50 மீட்டருக்கு மேல். காலில் 40-க்கு மேல். முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே வேகம் சரியாக இருந்து, மணிக்கட்டைத் தாண்டும்போது மட்டும் தாமதமானால், நரம்பு அங்கேதான் நசுங்குகிறது. இதுதான் கார்பல் டனல். இரவு இரண்டு மணிக்குக் கை மரத்து விழிப்பு வந்து, உதறினால் சரியாகிறது என்று சொல்கிறவர்களில் மிகப் பலருக்கு இருப்பது இதுதான். சர்க்கரை நோய், தைராய்டு குறைவு, கர்ப்பகாலம் எல்லாம் இதற்குத் துணைபோகும்.

ஒரு சின்ன விஷயம். கை சில்லிட்டிருந்தால் நரம்பின் வேகம் குறைந்தே தெரியும். தோலின் வெப்பம் ஒரு டிகிரி குறைந்தால் வேகம் நொடிக்குச் சுமார் 2 மீட்டர் குறையும். ஏ.சி. அறையில் வெகுநேரம் காத்திருந்து, கையைச் சூடாக்காமலே அளந்த ரிப்போர்ட் இல்லாத நோயை இருப்பதாகக் காட்டிவிடலாம். நல்ல பரிசோதனைக்கூடத்தில் முதலில் கையைத் தொட்டுப் பார்ப்பார்கள். குளிர்ந்திருந்தால் சூடாக்கிவிட்டுத்தான் தொடங்குவார்கள்.

இரண்டாவது பாதிக்குத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். அரை மில்லிமீட்டர் தடிமன்கூட இல்லாத ஊசி அது. அதன் வழியாக மருந்து எதுவும் போகாது, மின்சாரமும் போகாது. தசையில் ஏற்கெனவே இருக்கும் மின்சாரத்தைக் கேட்டு வாங்குவது மட்டுமே அதன் வேலை. குத்தும்போது சுருக்கென்று இருக்கும், தசையை இறுக்கும்போது கடுப்பாக இருக்கும். வலியே இல்லை என்று சொல்வது பொய். ஒவ்வொரு தசைக்கும் சில நிமிடம் தாங்கவேண்டும், அவ்வளவுதான்.

ஊசி உள்ளே போனதும் மருத்துவர், “கையைத் தளர்த்தி விடுங்க” என்பார். நல்ல தசை தளர்ந்திருக்கும்போது மௌனமாக இருக்கும். திரையில் நேர்க்கோடு, ஒலிபெருக்கியில் சத்தமில்லை. நரம்புத் தொடர்பு அறுந்த தசையில் அப்படி இருக்காது. கட்டளை இடுவாரில்லாமல் ஒவ்வொரு தசை நாரும் தன்போக்கில் துடிக்கும். வெளியே கண்ணுக்குத் தெரியாத அந்தத் துடிப்பு ஒலிபெருக்கியில் தகரக் கூரைமேல் விழும் தூறலாகச் சடசடக்கும். ஜூன் மாதத்தில் தாராவியில் இருப்பவர்களுக்கு அந்தச் சத்தத்தை விளக்க வேண்டியதில்லை. அடுத்து, “மெதுவா இறுக்குங்க” என்பார். அப்போது எழும் அலைகளின் உயரத்தையும் அகலத்தையும் எண்ணிக்கையையும் பார்த்து, கோளாறு நரம்பிலா, தசையிலேயேவா என்று பிரித்துவிடுவார். நரம்புக் கோளாறில் அலைகள் எண்ணிக்கையில் குறைவாக, பெரிதாக, அகலமாக வரும். பிழைத்திருக்கும் நரம்புகள் அநாதையான தசை நார்களையும் தத்தெடுத்துக்கொள்வதால் அப்படி. தசை நோயில் சின்னச் சின்ன அலைகளாகக் கூட்டமாக வரும்.

தசையின் மின்சாரத்தை மனிதன் கேட்கத் தொடங்கி வெகுகாலமாகிறது. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் பெர்லினில் டு பாய்ஸ்-ரேமோன் மனிதக் கை இறுகும்போது எழும் மின்னோட்டத்தைக் காட்டினார். 1929-இல் ஆட்ரியனும் பிராங்கும் இன்றைய ஊசிக்கு மூலமான ஊசி மின்முனையை உருவாக்கினார்கள். மூன்று ஆண்டு கழித்து ஆட்ரியனுக்கு நோபல் பரிசு கிடைத்தது. மும்பைக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய கதை இதற்குப் பின்னால் வருகிறது.

பம்பாயில் நடந்தது

மாட்டுங்காவுக்கும் வடாலாவுக்கும் இடையே மாநகராட்சியின் அக்வர்த் தொழுநோய் மருத்துவமனை இருக்கிறது. 1890-இல் தொடங்கியபோது அது மாட்டுங்காவின் தொழுநோயாளர் இல்லம். அப்போதைய மாநகராட்சி ஆணையர் அக்வர்த்தின் பெயரில் இன்றும் இருக்கிறது. தெருவிலிருந்து நோயாளிகளை அப்புறப்படுத்துவதுதான் அந்தக் காலத்தின் முதல் நோக்கம். தொழுநோய் தோல் நோய் என்றே பெரும்பாலோர் நினைக்கிறோம். உண்மையில் அது நரம்பைத் தின்னும் நோய். முழங்கையின் உள்பக்கம், எலும்பில் இடித்துக்கொண்டால் சுரீர் என்று ‘ஷாக்’ அடிக்குமே, அந்த அல்னார் நரம்பைத்தான் அது அதிகம் தேடிப்போகிறது. நரம்பு தடித்து, சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்து, பிறகு மடங்கிக் கொக்கியாகின்றன. விரல்கள் நோயால் உதிர்வதில்லை. உணர்ச்சி போனதால் சூடும் காயமும் தெரியாமல் தேய்ந்து போகின்றன. இதை உலகுக்குப் புரியவைத்தவர்களில் முதன்மையானவர் கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட். 1940-களின் கடைசியில் வேலூர் சி.எம்.சி.யில், உயிரோடு இருக்கும் தசையின் நாணை இடம் மாற்றித் தைத்து, மடங்கிய விரல்களை நிமிர்த்தத் தொடங்கினார்.

பம்பாயில் இதே அக்கறையோடு இருந்தவர் ஜே.ஜே. மருத்துவமனையின் பிளாஸ்டிக் சர்ஜன் நோஷிர் ஆன்ட்டியா. அவரும், நரம்பு மின்னியல் அறிந்த சுபதா பாண்டியாவும், நரம்பு நோய்க்கூறியலில் பேர்பெற்ற தஸ்தூரும் சேர்ந்து 1970-இல் தொழுநோய்க்கான சர்வதேச இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தொழுநோயாளிகளின் கை நரம்புகளை விரலால் தடவிப் பார்த்தும், மின்தூண்டலால் சோதித்தும், அறுவைசிகிச்சையில் கண்ணால் கண்டும் ஒப்பிட்ட ஆய்வு அது. அன்றைய பம்பாயில் தொழுநோயாளியைத் தொடவே ஆட்கள் தயங்கினார்கள். அந்தக் கையை வாங்கி வைத்துக்கொண்டு மின்முனை ஒட்டி, மில்லிசெகண்ட் கணக்கில் அளந்தார்கள் என்பதை நான் பெரிய விஷயமாக நினைக்கிறேன். ஒரு நரம்பு முழுசாகச் செத்துவிட்டதா, இன்னும் காப்பாற்ற முடியுமா என்று அறிய விரும்பியவர்கள்தான் அந்த வேலையைச் செய்வார்கள். பின்னர் 1976-இல் டாக்டர் ஆர். கணபதி தொடங்கிய பம்பாய் லெப்ரஸி புராஜெக்ட், சயான்-சுனாபட்டியை மையமாக வைத்து, நோயாளி மருத்துவமனைக்கு வரட்டும் என்று காத்திருக்காமல் குடிசைப் பகுதிகளுக்குள் போய்த் தேடியது.

இதெல்லாம் பழங்கதை இல்லை. 2005 டிசம்பரில், பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற கணக்கில், தொழுநோய் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லாத நிலையை இந்தியா எட்டியது. அதற்குப் பிறகும் ஆண்டுக்கு ஒரு லட்சத்தைச் சுற்றியே புதிய நோயாளிகள் கண்டுபிடிக்கப்பட்டு வருகிறார்கள். சுண்டுவிரல் மரத்துப் போகிறது என்று வருகிறவருக்குக் கழுத்து எக்ஸ்ரே எழுதும் முன், முழங்கை நரம்பைத் தடவிப் பார்ப்பதும் உடம்பில் உணர்ச்சியற்ற தேமல் உண்டா என்று தேடுவதும் மும்பையில் இன்னும் அவசியம். இந்த ஒரு நிமிட வேலையை எந்த மெஷினும் செய்யாது.

மெட்ராஸ் ஐ வந்த வருடம்

1971-இல் பம்பாயில் கண்வலி காட்டுத்தீயாகப் பரவியது. நாம் ‘மெட்ராஸ் ஐ’ என்று சொல்லும் வகைக் கண்வலிதான். ஆனால் கண்ணின் வெள்ளைப் பகுதியில் ரத்தம் கட்டும் கடுமையான ரகம். 1969-இல் கானாவில் கிளம்பி உலகைச் சுற்றிய என்டிரோ வைரஸ் 70 என்ற கிருமி காரணம். கண்வலி சில நாளில் போய்விட்டது. ஆனால் சிலருக்கு அதற்குச் சில வாரங்களில் முதுகிலிருந்து கால்வரை சுண்டி இழுக்கும் வலியும், பிறகு தொடைத் தசை தொளதொளத்து எழுந்து நிற்க முடியாத நிலையும் வந்தன. கண்ணுக்கும் காலுக்கும் என்ன சம்பந்தம் என்று யாருக்கும் தோன்றாத நேரத்தில், நரம்பியல் நிபுணர் நோஷிர் வாடியாவும் சகாக்களும் இரண்டையும் முடிச்சுப் போட்டு 1973-இல் ‘லான்செட்’ இதழில் எழுதினார்கள். போலியோவைப் போலவே தண்டுவடத்தில் தசையை இயக்கும் செல்களை அந்தக் கிருமி தாக்கியிருந்தது. பத்தாண்டு கழித்து 1981-இல் கண்வலி திரும்ப வந்தபோது அதே வாதமும் மீண்டும் தலைகாட்டியது. இன்றைய சாதாரண மெட்ராஸ் ஐக்குப் பயப்பட வேண்டியதில்லை. அது பெரும்பாலும் வேறு வைரஸ். ஆனால் தளர்ந்து போன கால் ஒன்றைக் காட்டி, கோளாறு தண்டுவடச் செல்லிலா, நரம்பிலா, தசையிலா என்று கேட்டால், அதைப் பிரித்துச் சொல்ல இன்றும் தசைக்குள் ஊசி வைத்துத்தான் ஆகவேண்டும்.

தசையை இயக்கும் இதே செல்கள் கெடும் நோய் ஒன்று சென்னையின் பெயரிலேயே உலக மருத்துவ நூல்களில் இருக்கிறது: மெட்ராஸ் மோட்டார் நியூரான் நோய். 1970-இல் மீனாட்சிசுந்தரம், ஜெகந்நாதன், ராமமூர்த்தி மூவரும் சென்னையில் கண்டு எழுதியது. இளவயதிலேயே கைகால் மெலிவது, முகமும் தொண்டையும் தளர்வது, பலருக்குக் காதும் கேளாமல் போவது அதன் அடையாளம். உலகில் பிற இடங்களில் காணும் மோட்டார் நியூரான் நோய் சில வருடங்களில் உயிரைக் குடித்துவிடும். இது பல பத்தாண்டுகள் மெதுவாக நகர்வது. இன்னொன்றும் உண்டு. பெங்களூரு நிம்ஹான்ஸில் கௌரி தேவியும் குழுவினரும் 1984-இல் விவரித்த, ஒரே ஒரு கையோ காலோ மட்டும் மெலிந்து, சில வருடத்தில் அதுவாகவே நின்றுவிடும் நோய். இருபது வயதுப் பையனின் கை மெலிகிறது என்றதும் வீட்டில் கூகுள் பார்த்து, இரண்டு வருடம்தான் என்று முடிவுகட்டி அழுகிற குடும்பங்கள் உண்டு. மெலியாத கையிலும் காலிலும் நாக்கிலும்கூட ஊசி வைத்துப் பார்த்து, நோய் எங்கெங்கே பரவியிருக்கிறது, எங்கே பரவவில்லை என்று அறியும்வரை அந்த முடிவுக்கு வரக்கூடாது.

பசை டின்னும் பி-12 ஊசியும்

தாராவியில் தோல் பை, பர்ஸ், பெல்ட் செய்கிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 1960-களில் ஜப்பானில் வீட்டிலேயே செருப்பு ஒட்டிய தொழிலாளர்கள் பலருக்குக் கால் மரத்து, நடை தளர்ந்தது. பசையைக் கரைக்கப் பயன்பட்ட என்-ஹெக்ஸேன் என்ற திரவத்தின் ஆவிதான் காரணம் என்று தெரிந்தது. நம் நாட்டில் டெல்லியில் ஸ்கிரீன் பிரிண்டிங் செய்த தொழிலாளர்களிடமும் இதே நரம்புக் கேட்டை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஜன்னல் இல்லாத பத்துக்குப் பத்து அறையில், அங்கேயே சமைத்து அங்கேயே படுத்து, நாள் முழுக்கப் பசை ஆவியைச் சுவாசிக்கிற வேலை இது. இரண்டு பாதமும் ஒரே சமயத்தில் மரத்து, செருப்பு கழன்று விழுவதுகூடத் தெரியவில்லை என்றால் பசை டின்னை மருத்துவரிடம் எடுத்துப் போய்க் காட்டுங்கள். என்.சி.வி.யில் நரம்பு வேகம் எல்லா இடத்திலும் ஒருசேரக் குறைந்திருப்பது தெரியும். ஆவியை விட்டு விலகினால் பெரும்பாலும் மீளலாம். ஆனால் விலகிய பிறகும் சில மாதம் மோசமாகிவிட்டுத்தான் திரும்பும். இது தெரியாமல் மனம் ஒடிந்து போகிறவர்கள் உண்டு.

மெடிக்கல் கடையில் போடும் சிவப்பு ஊசிக்கு வருவோம். அது பி-12. பி-12 குறைவால் நரம்பு கெடுவது உண்மை. பால், தயிர்கூடக் குறைவாகச் சாப்பிடும் மாட்டுங்கா, செம்பூர் சைவக் குடும்பங்களில் அதைச் சந்தேகிக்க நியாயம் இருக்கிறது. அதற்கு ரத்தப் பரிசோதனை இருக்கிறது. குறைவு இருந்தால் ஊசி அருமையான மருந்து. மணிக்கட்டில் நசுங்கும் நரம்பை எந்த ஊசியும் விடுவிக்காது. பரிசோதிக்காமல் போடும் ஊசியால் உடம்புக்குப் பெரிய கெடுதல் வராது என்பது உண்மையாக இருக்கலாம். போன காலம் திரும்பாது என்பதுதான் கெடுதல்.

காலத்துக்கு ஏன் இவ்வளவு மதிப்பு? அறுந்த நரம்பு வளர்வது நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில்தான். நரம்புத் தொடர்பில்லாமல் சுமார் ஒன்றரை வருடம் கிடந்த தசை பிறகு பெரும்பாலும் மீள்வதில்லை. நாராகவும் கொழுப்பாகவும் மாறிவிடும். கார்பல் டனலை ஆரம்பத்தில் பிடித்தால் இரவில் மணிக்கட்டுக்குப் பட்டை கட்டுவதே போதலாம். முற்றினால், அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்து செய்யும் சின்ன அறுவைசிகிச்சை. மேடு முழுக்க வற்றிய பிறகு செய்தால் வலி போகும், பிடி திரும்புவது சந்தேகம். சோதனையை மிகச் சீக்கிரம் செய்வதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. விபத்தில் நரம்பு அறுந்தால், தசையில் அந்தச் சடசடப்பு தோன்ற இரண்டு மூன்று வாரம் ஆகும். ஐந்தாம் நாள் ஊசி வைத்து “ஒன்றுமில்லை” என்று ரிப்போர்ட் வாங்கினால், மூன்று வாரம் கழித்து மறுபடி வைக்கச் சொல்லிக் கேளுங்கள்.

இன்னொரு குறையையும் சொல்ல வேண்டும். இந்தச் சோதனை பெரிய நரம்பிழைகளை மட்டுமே அளக்கும். சர்க்கரை நோயாளிக்குப் பாதம் நெருப்பாக எரிந்தாலும், எரிச்சலைச் சுமக்கும் மெல்லிய இழைகள் இதில் தெரியாது. ரிப்போர்ட் நார்மல் என்று வந்ததும், “உங்களுக்கு மனசுதான் காரணம்” என்று சொல்கிற டாக்டரை மாற்றுங்கள். கை மரத்ததற்காக, எம்.ஆர்.ஐ.யை மட்டும் நம்பிக் கழுத்து ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். ஐம்பது வயதைத் தாண்டியவர்களின் கழுத்தை ஸ்கேன் செய்தால் வட்டு (டிஸ்க்) பிதுங்காதவர் அபூர்வம். பிதுங்கிய வட்டு இந்தக் கை நரம்பைத்தான் அழுத்துகிறதா, குற்றவாளி மணிக்கட்டிலேயே இருக்கிறாரா என்று ஊசி சொல்லும்.

ஊசிச் சோதனையை மருத்துவரே செய்ய வேண்டும். கரண்ட் பாதியைத் தேர்ந்த டெக்னீஷியன் செய்யலாம். எந்தத் தசையில் குத்துவது, ஒரு தசையில் கிடைத்த பதிலை வைத்து அடுத்து எங்கே போவது என்பது சோதனை நடக்கும்போதே எடுக்கும் முடிவு. நோயாளியைப் பார்க்காமல், கையைத் தொடாமல் அச்சடித்து வரும் ரிப்போர்ட்டுக்குக் காசு கொடுக்காதீர்கள். போகும் நாளில் கைகாலில் எண்ணெய், தைலம், லோஷன் எதுவும் தடவக் கூடாது. மின்முனை ஒட்டாது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுத்தாலோ, இதயத்தில் பேஸ்மேக்கர் இருந்தாலோ முன்பே சொல்லிவிடுங்கள். தளர்ந்த உடை போதும். வெறும் வயிறு வேண்டாம். ஊசி புதிதாகப் பிரித்ததுதானா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. பெண்கள், கூட ஒரு பெண் ஊழியர் இருக்கவேண்டும் என்று கேட்கலாம், கேட்க வேண்டும்.

மும்பைத் தமிழ் அமைப்புகளுக்கு ஒரு வேண்டுகோள். தாராவியிலும் சயானிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் நம் சங்கங்களும் கோயில் கமிட்டிகளும் பள்ளிப் பழைய மாணவர்களும் நடத்தும் இலவச முகாம்களில் ரத்த அழுத்தம் பார்க்கிறீர்கள், சர்க்கரை பார்க்கிறீர்கள், கண் பார்க்கிறீர்கள். அதே வரிசையில் கை பார்க்க ஒரு நாற்காலி போடுங்கள். கண்ணை மூடச் சொல்லி பால்பாயிண்ட் பேனா முனையால் விரல் நுனிகளை லேசாகத் தொட்டு, எங்கே தொட்டேன் என்று கேட்பது. கட்டைவிரலை எதிர்த்துப் பிடிக்கச் சொல்லி வலு பார்ப்பது. முழங்கை நரம்பு தடித்திருக்கிறதா என்று தடவுவது. பயிற்சி பெற்ற ஒரு செவிலியரோ பிசியோதெரபிஸ்ட்டோ ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுவார். கோளாறு தெரிந்தவர்களைப் பக்கத்திலுள்ள மாநகராட்சி மருத்துவமனையின் நரம்பியல் ஓ.பி.க்கு எழுதிக்கொடுத்து அனுப்புங்கள். யாருக்கு இ.எம்.ஜி. வேண்டும், யாருக்கு வேண்டாம் என்பதை அவர்கள் முடிவு செய்வார்கள். அதில் யாருக்காவது தொழுநோய் என்று தெரிந்தால், அரசு சுகாதார நிலையம் எதிலும் மருந்து இலவசம். 6 முதல் 12 மாதத்தில் நோய் குணமாகிவிடும்.